திகன வீட்டுக் கணினி நின்றுபோன நேரங்கள்

வீடுகளுக்கு நேரில் போய்க் கணினி பழுதுபார்க்கும் வேலையை, நான் இருந்த நிறுவனம் போன மாதத்தோடு நிறுத்திவிட்டது. இனிமேல் கண்டி நகரத்து மாடியறையில் உட்கார்ந்துகொண்டே, இணையம் வழியாக வாடிக்கையாளரின் திரையைப் பார்த்து, முடிந்ததைச் சரிசெய்வார்கள். முடியாவிட்டால் கணினிப் பெட்டியோடு வரச் சொல்வார்கள். இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் என்னோடு பன்னிரண்டு வருடம் வேலை செய்த பிரதீபன்.

"அண்ணே, இத்தன வருஷம் வீடு வீடா அலைஞ்சீங்களே, அதுல ஏதாவது பிரயோசனம் இருந்துச்சா? எழுதித் தாங்க. புதுசா வந்திருக்கவங்க கேக்கிறாங்க," என்றார்.

 ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்த பெரிய சுகம், தொலைபேசி மணி அடித்தால் தயங்காமல் எடுக்க முடிவதுதான். பழுது என்று வரும் அழைப்புகளுக்கு நான் பயந்ததில்லை. பழுது பார்த்து முடித்த பிறகு வரும் அழைப்புகளுக்குத்தான் பயம். "நீங்க வந்துட்டுப் போன பொறகுதான் இப்படி" என்று ஆரம்பிப்பார்கள். கண்டி, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலை என்று எங்கே போனாலும், சிங்களத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும், அந்த ஒரு வாக்கியம் மாறுவதில்லை. நல்லதாக்குகிறேன் என்று கை வைத்து, நாம் போன பிறகு அது நின்றுபோனால் வரும் அவமானம் இருக்கிறதே, அதை இந்தத் தொழிலில் இருந்தவர்கள்தான் அறிவார்கள்.

என் ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் தட்டச்சு இயந்திரம் பழுதுபார்ப்பவன். அலுவலகங்களில் அந்த இயந்திரங்களை எல்லாம் துணியால் மூடிக் களஞ்சியத்தில் வைத்தபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஆறு மாதம் மாலை வகுப்புக்குப் போய்க் கணினி படித்தேன். வகுப்பில் மற்ற எல்லோரும் என்னை 'அங்கிள்' என்றார்கள். சான்றிதழோடு இந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

அங்கே எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவதர்சினி மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர். பொறியியல் படித்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். மெலிந்த குரல். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கண்ணாடி மேசையில் பட்ட சத்தம் கேட்டால் நாங்கள் ஆறு பேரும் நிமிர்ந்து உட்கார்வோம்.

ஒவ்வொரு வேலைக்கும் அவர் ஒரு தாள் கொடுப்பார். கடைசியாக எப்போது ஒழுங்காக வேலை செய்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றப்பட்டது, எந்தெந்த நேரத்தில் நின்றது, அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று வரிசையாகக் கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் தாளில் கையெழுத்துப் போடமாட்டார். கணினி வேலை செய்கிறதே என்று சொன்னால், "அது எனக்குத் தெரியும். ஏன் வேலை செய்யுது எண்டு கேக்கிறன்," என்பார்.

சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே கணினி தானாக நின்று நின்று போனது. நான் கெட்டிக்காரத்தனமாக மின்வழங்கியையும் நினைவகத்தையும் விசிறியையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு வந்தேன். கணினி ஜோராக ஓடியது.

"எது பழுது?" என்று மிஸ் கேட்டார்.

"மூணையும் மாத்திட்டேன் மிஸ். இப்ப ஒரு கரைச்சலும் இல்ல."

"நான் அதைக் கேக்கேல்லை."

மறுநாள் என்னைத் திரும்ப அனுப்பினார். பழைய சாமான்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணித்தியாலம் ஓடவிட வேண்டும். போட்டேன். மூன்று பழைய சாமான்களும் ஒரு குறையும் இல்லாமல் ஓடின.  சரி என்று மேசையைச் சுவரோடு தள்ளி வைத்தேன். கணினி பட்டென்று நின்றது. மேசைக் கால் மின் வயர்மேல் ஏறி நின்று, அதை நசுக்கியிருக்கிறது. முதல் நாள் நான் வேலை செய்தபோது மேசை முன்னால் இழுத்தபடி இருந்ததால் ஓடியிருக்கிறது. ஒரு வயரை மாற்றினேன். காரணக் கட்டத்தில் 'மேசைக் கால்' என்று எழுதினேன். மிஸ் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் என் மரியாதை அதைவிட மோசம். எங்கள் குண்டசாலை வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை வாஷர் மாற்றினேன். மூன்று முறையும் திங்கட்கிழமையே ஒழுகியது. என் மனைவி சாந்தி, "நீங்க தொடாம இருந்தப்ப சொட்டு சொட்டாதான் விழுந்துச்சு," என்றாள். கடைசியில் பார்த்தால், பழைய வாஷரின் பாதி உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதற்கு மேலேயே நான் புதிதைப் போட்டு இறுக்கியிருக்கிறேன்.

இப்படிச் சிரிக்கக்கூடிய தோல்விகள் நிறைய. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. பிரதீபனுக்குச் சொல்லவேண்டியதும் அதுதான்.

கண்டிக்குப் பக்கத்துத் திகனவில் நிஸாமுக்குத் துணிக்கடை. முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மனைவி ரிஸானா பாடசாலை ஆசிரியை. ஒரே மகள் இல்மா. அவள் கணக்கியல் தொழிற்பரீட்சையின் கடைசிக் கட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதும் பரீட்சை. சனிக்கிழமை காலை மூன்று மணித்தியாலம். இடையில் கணினி நின்று ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி வராவிட்டால் அத்தோடு பரீட்சை முடிந்தது. மறுபடி எழுத ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பாஸ் பண்ணினால் கொழும்பில் வேலை தருவதாக ஒரு நிறுவனம் சொல்லியிருந்தது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நிஸாம் நானா எங்களைக் கூப்பிட்டார். மகளின் பழைய கணினியைப் புதுப்பித்துத் தரவேண்டும். புதிய சேமிப்பகம், கூடுதல் நினைவகம், புதிய இயங்குதளம். அத்தோடு, சிறிய திரையில் கணக்கு அட்டவணைகளைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளையின் கண் கெடுகிறது என்று, முன்னறை ஹோல் சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியையே திரையாக இணைத்துத் தரச் சொன்னார். நான் போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து கொடுத்தேன். இல்மா டிவியில் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், எழுத்து எவ்வளவு பெருசா தெரியுது," என்றாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது.

"செல்வராஜ், நீங்க வந்துட்டுப் போனதுக்குப் பொறகுதான் இது நிக்கிது. முந்தி மெதுவா ஓடினாலும் நிக்கல்லயே," என்றார் நிஸாம் நானா.

போனேன். இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்தேன். நிற்கவில்லை. புது நினைவகத்தில் சந்தேகப்பட்டு அதை மாற்றிவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலேயே நின்றது. இரண்டாம் முறை போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தேன். இரண்டு நாள் இராப்பகலாக ஓடவிட்டோம். ஒரு முறைகூட நிற்கவில்லை. மின்வழங்கியையும் மாற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அன்று மாலையே நின்றது.

அடுத்த முறை போனபோது இல்மா எனக்காக ஒரு கொப்பி வைத்திருந்தாள். மிஸ்ஸின் தாளை நான் கொடுத்திருந்ததால், நின்ற நேரத்தை எல்லாம் அழகாகக் குறித்திருந்தாள். காலை ஆறு பத்து. மாலை நாலு நாற்பது. ஆறு ஐம்பது. மறுநாள் காலை ஆறு பதினைந்து. வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்ற இடத்தில் ஃபேன், ஃப்ரிட்ஜ், ஒரு நாள் மட்டும் அயன் என்று எழுதியிருந்தாள். அதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கடைசியாக மாற்றியதைத் திருப்பிப் பார் என்பது மிஸ்ஸின் சட்டம். டிவிக்குப் போன கேபிளைக் கழற்றிவிட்டுப் பழைய சிறிய திரையை மாட்டினேன். அன்று நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. நிஸாம் நானாவும், "இதோடயே விடுங்க, டிவி தேவல்ல," என்றார். தாளில் 'கேபிள்' என்று எழுதி மிஸ்ஸிடம் நீட்டினேன்.

"கேபிள் பழுதெண்டால் புதுக் கேபிள் போட்டால் ஓட வேணும். போட்டுப் பாத்தனீங்களோ?"

"இல்ல மிஸ். அந்தாளு போதும்னுட்டாரு. பரீட்சை வேற வருது."

மிஸ் கண்ணாடியைக் கழற்றவில்லை. தாளை மட்டும் திருப்பித் தந்தார். "பரீட்சை வாறபடியால்தான் சொல்லுறன். போட்டுப் பாருங்கோ."

புதன்கிழமை மத்தியானம் புதுக் கேபிளோடு போய் மறுபடி டிவியை இணைத்தேன். இரவு ஏழு மணிக்கு முன்னமே நிஸாம் நானா அழைத்துவிட்டார். குரலில் முன்பிருந்த தணிவு இல்லை.

"நல்லா இருந்தத திரும்பவும் கெடுத்து வெச்சிட்டீங்க. எங்கட பிள்ளைட பரீட்சையில வெளயாடுறீங்களா? நாளைக்கு வந்து உங்கட சாமானெல்லாம் கழட்டிக்கொண்டு போங்க. நான் வேற ஆளப் பாக்கிறன்."

 மறுநாள் காலையில் மிஸ்ஸிடம் சொன்னேன். அவர் கொப்பியின் நேரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்கள் அங்க இருக்கேக்க ஒருக்காலும் நிக்கேல்லை, என்ன?" என்றார்.

"இல்ல மிஸ். நான் போனா நல்ல பிள்ள மாதிரி ஓடுது."

"நானும் வாறன்."

மிஸ் வீடுகளுக்கு வருவதில்லை. தன் சிறிய காரை அவரே ஓட்டினார். பல்லேகல தாண்டும்போது பிடித்த மழை, திகன போய்ச் சேர்ந்தபோதும் விடவில்லை. நேரம் நாலரை ஆகியிருந்தது. நிஸாம் நானா கதவைத் திறந்தார். 'வாங்க' என்றார், ஆனால் முகம் கொடுக்கவில்லை. என் சாமான்களைக் கழற்றுவதற்காகக் கதிரையைத் தள்ளி இடம் விட்டுக் கொடுத்தார். மிஸ் என்னிடம் எதையும் தொடவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, "டீச்சர் உள்ளுக்கோ?" என்று கேட்டு நேராகச் சமையலறைக்குப் போனார்.

அங்கே நடந்த பேச்சு ஹோலில் இருந்த எனக்குக் கேட்டது.

"டீச்சர், இந்த நேரங்களைப் பாருங்கோ. விடிய ஆறு மணி, பின்னேரம் நாலே முக்கால், பிறகு மஃரிப் தொழுகை கழிய. இந்த நேரங்களில வீட்டில வழமையா என்ன நடக்கும்?"

 ரிஸானா டீச்சர் தணிந்த குரலில் சொன்னார்: "எப்பிடிச் சொல்ற மிஸ்... அது நாங்க குளிக்கிற நேரம். மகள் அத எழுத வெக்கப்பட்டு விட்டுட்டா. அவர் ஆம்பிளதானே வந்து பாக்கிற."

"சுடுதண்ணியோ?"

"ஓ. பாத்ரூம் புதுசா செஞ்சப்ப ஷவருக்கு ஹீட்டர் ஒண்டு போட்ட. நாலஞ்சு மாசம் ஈக்கும்."

"தண்ணியைத் தொட்டால், பைப்பைத் தொட்டால் ஏதும் தெரியுதோ?"

"தண்ணியில இல்ல. பைப்ப தொட்டாத்தான் சின்னதா சுள்ளுண்டு ஈக்கும். அதால நாங்க செருப்பு போட்டுக்கொண்டு குளிக்கிற. அப்ப ஒண்டும் தெரியாது."



"இல்மா எங்க?"

"இப்பதான் கிளாஸ் முடிஞ்சு வந்த. மழையில நனஞ்சு நடுங்கிக்கொண்டு வந்தா, நான்தான் சுடுதண்ணியில குளிக்கச் சொல்லி..."

"செல்வராஜ், மெயினை நிப்பாட்டுங்கோ."

அந்தக் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மெயின் ஸ்விட்ச் முன்கதவுக்கு மேலே இருந்தது. வந்தபோதே அதைப் பார்த்திருந்தேன். நிஸாம் நானா தள்ளி வைத்த அந்தக் கதிரைமேல் ஏறி ஸ்விட்ச்சைக் கீழே தட்டினேன். டிவி இருண்டது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. வாசலில் ஒரு சோடி செருப்பு சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. இல்மாவுடையது. அவள் வெறுங்காலோடு போயிருக்கிறாள்.

ரிஸானா டீச்சர் குளியலறைப் பக்கம் ஓடினார். நாங்கள் மூவரும் நின்ற இடத்தில் நின்றோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஐந்து விநாடியாக இருக்கலாம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"உம்மா, கரண்ட் பெய்த்து. நான் இன்னம் தண்ணி தெறக்கவே இல்ல."

மிஸ் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். நான் கதிரையிலிருந்து இறங்கவில்லை. ஸ்விட்ச்சில் வைத்த கையையும் எடுக்கவில்லை. நிஸாம் நானாவுக்கு மட்டும் என்ன நடந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

"என்ன மிஸ் இது, ஏன் லைட்ட நிப்பாட்டின?"

"காட்டுறன். முதல்ல பிள்ளை வெளியில வரட்டும்," என்றார் மிஸ்.

இல்மா உடை மாற்றிக்கொண்டு தாயோடு அறையில் போய் உட்கார்ந்த பிறகு, மெயினை நிறுத்தியபடியே நான் குளியலறைக்குள் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிட்டு வந்தேன். அந்த மாதிரி ஹீட்டர் தண்ணீர் ஓடும்போதுதான் சூடாக்கத் தொடங்கும். பிறகு ஒருவரையும் அந்தப் பக்கம் போகவிடாமல் மெயினைப் போட்டோம். ரப்பர் அடி வைத்த சப்பாத்தோடு நின்று, என் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கணினிப் பெட்டியின் உலோகத்தில் வைத்தேன்.

எர்த் இல்லாத வீடுகளில் கணினிப் பெட்டியில் டெஸ்டர் மங்கலாக எரிவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. சுவர்ப் பிளக்கின் ஓட்டைக்குள் விட்டால் எப்படி எரியுமோ அப்படிப் பளிச்சென்று எரிந்தது. டிவி கேபிளைக் கழற்றி அதன் நுனியைப் பெட்டிக்கு அருகே கொண்டுபோனேன். ஒரு சின்ன நீலப் பொறி பறந்தது. நிஸாம் நானா ஓரடி பின்னால் போனார். உடனே மெயினை நிறுத்தினேன்.

மிஸ் நிதானமாக அவருக்கு விளக்கினார். ஹீட்டருக்குள் காப்பு கெட்டு மின்சாரம் கசிகிறது. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டிய எர்த் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. அதனால் ஹீட்டர் ஓடும்போதெல்லாம், வீட்டில் எர்த்தோடு இணைந்த எல்லா உலோகத்திலும் மின்சாரம் ஏறி நிற்கிறது, கணினிப் பெட்டி உட்பட. பழைய திரை இருந்தவரை அந்த மின்சாரம் பெட்டியோடு நின்றது. நான் டிவியை இணைத்ததும், கேபிள் வழியாக டிவிக்கும் அங்கிருந்து வெளியே நனைந்த சுவரில் பதித்திருந்த அன்டெனாக் கம்பத்துக்கும் ஓட அதற்கு வழி கிடைத்துவிட்டது. ஓடும்போதெல்லாம் கணினி தடுமாறி நின்றது. நான் அங்கே இருக்கும்போது ஒருநாளும் நிற்காததற்கும் விளக்கம் இருந்தது. அந்நிய ஆண் ஹோலில் உட்கார்ந்திருக்கும்போது அந்த வீட்டில் யாரும் குளிக்கப் போவதில்லை.

"இப்பிடிக் கசிஞ்சால் ட்ரிப் ஸ்விட்ச் விழுந்து கரண்ட்டை நிப்பாட்ட வேணுமே," என்றார் மிஸ். "ஏன் விழேல்லை?"

மெயின் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். ட்ரிப் ஸ்விட்ச் அதன் இடத்தில் அழகாக இருந்தது. ஆனால் அதற்குப் போகவேண்டிய வயர்கள் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு நேராகப் போய்ச் சேர்ந்திருந்தன. உயிரைக் காக்கவேண்டிய ஸ்விட்ச் வெறும் பொம்மையாக உட்கார்ந்திருந்தது.

நிஸாம் நானா கதிரையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்ரூம் வேல முடிஞ்ச கையோட இது அடிக்கடி விழ ஆரம்பிச்ச. ஃப்ரிட்ஜ் எல்லாம் நிண்டு போகுது. வயரிங் வேல செய்ற பாஸ், வயரெல்லாம் புதுசா மாத்தோணும் எண்டு சொன்ன. நான்தான் அது தேவல்ல, விழாத மாதிரி ஒரு வேல செஞ்சி தாங்க எண்டு சொன்ன." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான்தான் சொன்ன," என்றார் மறுபடியும்.

 என்னை அவர் ஏசியபோது எனக்கிருந்த மனத்தாங்கல் எங்கே போனதென்று தெரியவில்லை. அறைக் கதவுக்குப் பின்னால் இல்மா தும்மும் சத்தம் கேட்டது. அவர் தலையை நிமிர்த்தி அந்தத் தும்மலைக் கேட்டார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

அனுமதி பெற்ற மின்பணியாளர் ஒருவர் வந்து முழு வீட்டையும் பார்க்கும்வரை மெயினைப் போடக்கூடாது என்று மிஸ் சொன்னார். வீட்டார் பக்கத்திலிருந்த நிஸாம் நானாவின் தம்பி வீட்டுக்குப் போனார்கள். பிறகு தெரிந்தது, முற்றத்துக்குக் கல் பதித்தவர்கள் தோண்டும்போது எர்த் கம்பியை அறுத்து, அதன்மேலேயே கல்லை அடுக்கிவிட்டார்கள் என்று.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. பல்லேகல கிரிக்கெட் மைதானத்தருகே மிஸ் காரை ஓரமாக நிறுத்தினார். இஞ்சினையும் நிறுத்தினார்.

"கொஞ்சம் நிண்டு போவம்," என்றார்.

நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். மனதில் இருந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"இத்தன தடவ போனேன் மிஸ். டெஸ்டர் பையிலதான் இருந்துச்சு. பெட்டிய தொடுறதுக்கு முந்தி பிளக்க கழட்டிருவேன், அது பழக்கம். ஒரே ஒரு தடவ கரண்ட்டோட டெஸ்டர வச்சிருந்தா..."

"அவை குளிக்காத நேரம் நீங்கள் வச்சிருந்தாலும் மங்கலாத்தான் எரிஞ்சிருக்கும்," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "வீட்டில என்ன ஓடுது எண்டு கேட்டுத் தாள் அடிச்சது நான். வெக்கப்பட்டு எழுதமாட்டினம் எண்டு எனக்கெல்லோ தெரிஞ்சிருக்க வேணும்."

 பிறகு அவர் காரை எடுத்தார்.

சனிக்கிழமைக்குள் அந்த வீட்டு வயரிங் முடியாது. அதனால் மிஸ் தன் அறையை இல்மாவுக்குக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை நாங்கள் ஆறு பேரும் அந்த அறையிலிருந்த பழைய பிரிண்டர்களையும் கோப்புகளையும் வெளியே தூக்கி வைத்தோம். சுவரில் ஒன்றும் இருக்கக்கூடாது என்பது பரீட்சை விதியாம், அதனால் நாட்காட்டியையும் கழற்றினோம். இல்மாவின் கணினியை மேசையில் வைத்தேன். பெரிய திரை ஒன்றை இணைத்தேன். ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் இருக்கிறதா என்று நானே மூன்று முறை அளந்து பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் உள்ளே போனாள். கதவு மூடியது. மூன்று மணித்தியாலம் எங்கள் பட்டறையில் ஒரு ஸ்குரூகூட மேசையில் விழவில்லை. தொலைபேசிகளை எல்லாம் சத்தமில்லாமல் வைத்தோம். வந்த வாடிக்கையாளர்களை மாடிப்படியிலேயே நிறுத்தி, சைகையால் பேசி அனுப்பினோம். மிஸ் அந்தக் கதவுக்கு வெளியே நின்றார், உட்காரவில்லை. நிஸாம் நானாவும் ரிஸானா டீச்சரும் எதிரே இரண்டு கதிரையில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய எதையோ ஓதிக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு மணி தாண்டிக் கதவு திறந்தது. இல்மா வெளியே வந்தாள். எல்லோரும் அவளையே பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

"நிண்டதா மகள்?" என்றார் நிஸாம் நானா.

"இல்ல வாப்பா. ஒரு தடவயும் நிக்கல்ல. கடைசிக் கேள்விதான் கொஞ்சம் கஷ்டம்."

ரிஸானா டீச்சர் மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். கடைசிக் கேள்விக்காக அழுகிறார் என்று நினைத்து, "பரவால்ல உம்மா, பாஸாகிருவன்," என்று இல்மா தாயைத் தேற்றினாள். அவள் சொன்னபடியே பாஸானாள். நிஸாம் நானா என் கையைப் பிடித்தார்.  விடவே இல்லை. அன்று அவர்கள் போன பிறகு மிஸ் திகன வீட்டுத் தாளை எடுத்துக் காரணக் கட்டத்தைத் தன் கையாலேயே நிரப்பினார். கட்டம் போதாமல் பின்பக்கமும் எழுதினார்.

பிரதீபன், இணையம் வழியாகப் பார்ப்பதில் தவறில்லை. பாதி வேலைக்கு அதுவே போதும், அலைச்சலும் மிச்சம். ஆனால் திரையில் தெரியாத ஒன்றை வாடிக்கையாளர் சொல்ல வெட்கப்பட்டால், கேட்கத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியிலாவது பேசவிடுங்கள்.

இல்மாவின் பரீட்சைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை நான் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. முதலில் எங்கள் வீட்டுக் கொல்லைப் பக்கம் போய், சுவரோரம் மண்ணைக் கிளறி எர்த் கம்பியைத் தேடினேன். இருந்தது. இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. பிறகு உள்ளே வந்து, மெயின் பெட்டியிலிருந்த ட்ரிப் ஸ்விட்ச்சின் சோதனைப் பொத்தானைத் தேடினேன். எங்கள் வீட்டில் பதினெட்டு வருடமாக இருந்தும், ஒருநாளும் அதை அழுத்திப் பார்த்ததில்லை. விரலை வைத்தபோது பயமாகத்தான் இருந்தது. அழுத்தினேன்.

டக்கென்று விழுந்தது. ஃப்ரிட்ஜின் இரைச்சல் அடங்கியது. வானொலி நின்றது. வீடு முழுவதும் ஓய்ந்துபோனது. சமையலறையிலிருந்து சாந்தி எட்டிப் பார்த்தாள்.

"குக்கர்ல சோறு பாதியில நிக்குதுங்க. இப்ப என்னத்த கெடுத்து வச்சீங்க?"

"ஒண்ணும் கெடல," என்றேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

உடனே ஸ்விட்ச்சை மேலே தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த அமைதியில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.